செங்கல் ஓரம் வைத்த வளைவுப் பாதை: சில மழைக்காலங்கள் தாண்டிய பிறகு

எங்கள் வீட்டுத் தோட்டத்தில் கேட்டிலிருந்து கிணற்றடி வரை வளைவாகப் பாதை போட்டு, இரண்டு ஓரமும் செங்கல் பதித்தது 2019 கோடையில். ஊர் தாம்பரத்துக்குத் தெற்கே, களிமண் கலந்த தரை. இப்படி ஒன்று போட நினைப்பவர்கள் புதுப் பாதையின் படங்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். மழை பெய்து ஓய்ந்து, மண் ஊறிக் காய்ந்த பிறகு ஓரம் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். எங்கள் பாதை நன்றாகவே நிற்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை.

பாதையின் அகலம் 3 அடி. அரை அடி தோண்டி, 4 அங்குலம் கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்தோம். மேலே கிரஷர் தூள், அதாவது கருங்கல் உடைக்கும்போது கிடைக்கும் தூள். தண்ணீர் தேங்காமலிருக்க அடிக்குக் கால் அங்குலம் சரிவு. வளைவை வரைய வெயிலில் கிடந்து இளகிய தண்ணீர்க் குழாயே போதும். கண்ணுக்குப் பிடித்த வளைவு வந்ததும் அதை ஒட்டிக் கோலப்பொடி தூவிக்கொண்டோம்.

கல் எடுப்பதில் கறாராக இருங்கள். பாதி புதைந்து, மழை மாதங்கள் முழுக்க ஈரத்திலேயே கிடக்கப்போகிற கல் அது. இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், நகத்தால் கீறினால் தடம் விழக் கூடாது. சாதாரண வீட்டுச் செங்கல் 24 மணி நேரம் ஊறினாலும் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்கிறது செங்கலுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1077. எங்களுக்கு வந்த லோடில் சரியாக வேகாத கல் சிலது கலந்திருந்தது. அவை மட்டும் உப்புப் பூத்து, மேல்தோல் பொரிந்து உதிர்ந்துவிட்டன. பக்கத்துக் கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்தது கல்லை எப்படி வைப்பது என்பது. “நீளவாக்குல வச்சா கல் கம்மியாப் பிடிக்கும் சார்” என்றார் கொத்தனார். உண்மைதான். ஆனால் 9 அங்குலக் கல்லை அப்படி வைத்தால், நெருக்கமான வளைவு துண்டு துண்டான நேர்க்கோடுகளாகத்தான் தெரியும். அதனால் 3 அங்குல முகம் பாதையைப் பார்க்கும்படி கல்லை நெட்டுக்குத்தலாக நிறுத்தச் சொன்னேன். 7 அங்குலம் மண்ணுக்குள், 2 அங்குலம் வெளியே. அடிக்கு நாலு கல், அதாவது மூன்று மடங்கு செலவு. இந்தப் பாதையில் நான் மனம் நிறைந்து செய்த செலவு அதுதான். 6 அடி ஆரமுள்ள வளைவில்கூட கல்லுக்குக் கல் விரியும் இடைவெளி கால் அங்குலத்துக்கும் குறைவு. ஒரு கல்லைக்கூட உடைக்க வேண்டியிருக்கவில்லை.

இத்தனை வருடம் பார்த்ததில் தெளிவாகத் தெரிந்தது, வளைவின் உள்ஓரமும் வெளிஓரமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பது. நடக்க நடக்கப் பாதையின் மண் இரண்டு பக்கமும் தள்ளுகிறது. உள்ஓரத்துக் கற்கள் தள்ளத் தள்ள ஒன்றையொன்று நெருக்கி, வாசல் வளைவுக் கட்டுமானம் மாதிரி இறுகிக்கொள்கின்றன. வெளிஓரத்தில் இதற்கு நேர்மாறு. தள்ளும்போது கற்கள் விலகி, சந்து திறக்கிறது. அதனால் வெளிஓரத்துக்கு மட்டும் முதுகில் சாய்வாகக் கான்கிரீட் கொடுங்கள். உள்ஓரத்துக்கு நன்றாக இடித்த மண்ணே போதும், சிமென்ட் வீண்.

மாமரத்தை ஒட்டிய பகுதியில் வெளிஓரத்துக்கும் சிமென்ட் போடவில்லை. வேர் தடித்து அங்கே சில கற்கள் தூக்கிக்கொண்டன. அவற்றை உருவி, பள்ளத்தைச் சரிசெய்து, திரும்ப நட ஒரு காலைப் பொழுது போதுமாயிருந்தது. கான்கிரீட் இருந்திருந்தால் கடப்பாரை எடுத்திருக்க வேண்டும், வேரும் காயப்பட்டிருக்கும். மரத்தடியில் கொஞ்சம் கோணலான ஓரம் எனக்குச் சம்மதம். மரம்தான் முக்கியம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தோட்டம் முழுக்கத் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் கிரஷர் தூள் நிறைய அடித்துப் போயிருந்தது. செங்கல் ஓரம் அசையவில்லை. மேலே புதுத் தூள் கொட்டி இடித்ததோடு வேலை முடிந்தது.

பராமரிப்பில் பெரிய தொல்லை கோரைதான். சந்து வழியாக வரும் கோரையை மேலாகப் பிடுங்கிப் பயனில்லை, கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். நிழல் பக்கத்தில் மழைக்காலம் வந்தாலே பாசி வழுக்கும். வயதானவர்கள் நடக்கும் வீடென்றால் அதை வாரம் ஒரு முறையாவது தேய்த்துவிடுங்கள். இன்னொன்று, 2 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும் கல் இருட்டில் காலைத் தட்டும். பாத்திக்கு இறங்கும் இடங்களில் அம்மாவுக்காகக் கல்லைத் தரை மட்டத்துக்கே இறக்கி வைத்திருக்கிறோம்.

கல் வாங்கும்போதே அதே லோடில் ஒரு ஐம்பது கல்லைத் தனியாக எடுத்து வையுங்கள். அடுத்த லோடின் நிறம் இதோடு சேராது.