எச்சரிக்கை: லோடு தருகிறோம் என்று டெபாசிட் கேட்டால் கொடுக்காதீர்கள், என் 85,000 போச்சு

இன்று மதியம் ஓசூரில் அந்த ஆபீஸ் படியை இறங்கி வந்ததிலிருந்து கை நடுக்கம் நிற்கவில்லை. பயமில்லை, கோபம். சூளகிரி தாண்டி வண்டியை ஓரம் கட்டிவிட்டு கேபினில் உட்கார்ந்து அடிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் போனது 85,000 ரூபாய். ஒரே ஒரு வண்டி வைத்துக்கொண்டு, அதை நாமே ஓட்டிக்கொண்டு, மாசம் டியூ கட்டுகிறவர்கள் தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அடுத்து அவர்களில் ஒருவரைத்தான் பிடிப்பார்கள். எதையெல்லாம் பார்த்து ஏமாறாமல் இருக்கலாம் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கம்பெனி பேரைப் போடவில்லை. வக்கீல் இப்போதைக்கு வேண்டாம் என்றார். மொபைல் ஆப்பில் லோடு தருகிற வகை, ஓசூரில் மாடியில் ஒரு ஆபீஸ், கண்ணாடிக் கதவு, ஏசி. அவ்வளவு போதும்.

என்னுடையது பத்து சக்கர வண்டி. மே மாசத்திலிருந்து ஜூலை வரைக்கும் கவலையில்லை. மாங்காய் சீசன், கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரக் கூழ் ஃபேக்டரிகளிலிருந்து சென்னை துறைமுகத்துக்கு டிரம் ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கலாம். ஆடி முடியும்போது பார்த்தால் வண்டி எடைமேடைப் பக்கம் நிழலில் நிற்கும். டியூ மட்டும் நிற்காது. தக்காளி இருக்கிறதே என்பீர்கள். ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளியெல்லாம் சின்ன வண்டிக்காரர்கள் பிழைப்பு, அதில் பத்து சக்கரத்துக்கு என்ன வேலை.

அப்படி நின்ற ஒரு நாள்தான் அந்தத் தம்பி வந்தான். காவேரிப்பட்டினம் எடைமேடைக்கு எதிர் டீக்கடை. இருபத்தைந்து வயசு இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை. வந்தவுடன் ஆப்பைப் பற்றிப் பேசவில்லை. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். முன் டயர் ரெண்டையும் காலால் தட்டிப் பார்த்து, "அண்ணா, இது ரெண்டும் மாத்தணுமேண்ணா" என்றான். அவன் மாமாவும் டிரைவர்தானாம், தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஒருமுறை பிழைத்து வந்தாராம். தொப்பூர் என்று சொன்னாலே நம்மில் யாருக்கும் வயிற்றைக் கலக்கும், அவனுக்கு அது தெரிந்திருந்தது. டீக்காசை அவனே கொடுத்தான். என் பெண் பிளஸ் டூ என்றதும் என்ன குரூப் என்று கேட்டான். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு, நம்ம கஷ்டம் தெரிந்த பையன் என்றுதான் தோன்றியது.

அப்புறம் மெதுவாக ஆரம்பித்தான். புரோக்கருக்குக் கமிஷன் கொடுக்க வேண்டாம். கம்பெனி லோடு நேராக வரும். மூன்று மாசத்துக்கு நிச்சய லோடு, இறக்கின அன்றே பணம், போகும்போதே ரிட்டர்ன் லோடும் கையில். அதற்கு வண்டியை அவர்களோடு அட்டாச் பண்ண (சேர்த்துவிட) வேண்டும். டெபாசிட் 30,000, மூன்று மாசம் கழித்துத் திரும்பி வந்துவிடும். அவர்களுடைய ஜிபிஎஸ் கருவிக்கு 7,000. மொத்தம் 37,000.

டயருக்கென்று எடுத்து வைத்திருந்த பணம் அது. அதைத்தான் கொடுத்தேன். இன்னும் அதே முன் டயரில்தான் ஓட்டுகிறேன்.

எனக்கு வழக்கமாக லோடு போடும் பெரியவர் ஒருவர் கிருஷ்ணகிரியில் இருக்கிறார். பழைய காலத்து லாரி ஆபீஸ், ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, வாய் திறந்தால் வசவு. அவரிடம் சொன்னபோது, "லோடு குடுக்கிறவன் உங்கிட்ட எதுக்குடா காசு கேக்கிறான்?" என்றார். கமிஷன் போகிற எரிச்சலில் பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

முதல் லோடு ஓசூரிலிருந்து மாதவரம், வாடகை 22,000. இறக்கி முடித்து, சீல் போட்ட எல்.ஆர். (லாரி ரசீது) காப்பியைப் போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்றினேன். கை கழுவிவிட்டு வந்து சாப்பாட்டில் உட்காரக்கூட இல்லை, 21,780 கணக்கில் ஏறிவிட்டது. ஒரு சதவீதம் வரிப் பிடித்தமாம். (பத்து வண்டிக்கு மேல் இல்லாதவன் பான் நம்பரோடு எழுதிக் கொடுத்துவிட்டால் அதைப் பிடிக்கவே கூடாது என்று பிறகு ஆடிட்டர் சொன்னார். அன்றைக்கு 220 ரூபாய் யார் கண்ணுக்குத் தெரிந்தது.) பதினாறு வருஷமாக வாடகை பாக்கிக்கு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவன் நான். வீட்டுக்குப் போன் போட்டு, "இனிமே கவலையில்ல" என்று சொன்னேன். அந்த வார்த்தை இப்போது வீட்டில் தினமும் திரும்பி வருகிறது.

ரெண்டாவது கோயம்புத்தூர். அதற்கும் மறுநாள் காலையில் பணம் வந்தது. 37,000 வாங்கினவர்கள் அதில் கொஞ்சத்தை விட்டெறிந்து ஆழம் பார்த்திருக்கிறார்கள் என்று இப்போது புரிகிறது.

மூன்றாவது நாக்பூர். காஸ்டிங் (வார்ப்புச் சாமான்) 18 டன், வாடகை 78,000. அன்றைக்கு வெளியில் விசாரித்தால் 63,000க்கு மேல் யாரும் சொல்லவில்லை. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அட்வான்ஸ் எழுபது சதவீதம் என்று சொல்லியிருந்தார்கள், ஏற்றி முடித்தபின் 30,000 மட்டும் வந்தது. கேட்டால், "லாங் ட்ரிப்புக்கு சிஸ்டம் அப்படித்தான் அண்ணா போடும், பேலன்ஸ் ஒரே தடவையா வந்துடும்". வண்டியில் சரக்கு ஏறிவிட்டது, சரக்கு போக ஜிஎஸ்டியில் எடுக்கிற ஈ-வே பில்லில் என் வண்டி நம்பர் ஏறிவிட்டது. இனி இறக்கிவிட்டுப் போகவா முடியும். கிளம்பினேன். எல்.ஆரில் வேறு ஒரு டிரான்ஸ்போர்ட் பேர் இருந்ததையும் பார்த்தேன், பார்த்துவிட்டு மடித்து டேஷ்போர்டில் வைத்தேன்.

நம் வீட்டு வாசலில் போகிற அதே தேசிய நெடுஞ்சாலை 44தான் நாக்பூர் வரைக்கும் போகிறது. அனந்தப்பூர், கர்னூல், ஹைதராபாத், அதிலாபாத். மூன்றாம் நாள் ராத்திரி நாக்பூர் பக்கம் புட்டிபோரியில், சரக்கு இறக்க வேண்டிய இடத்து கேட்டில் நிற்கிறேன். உள்ளே விட ரெண்டு நாள். ஹால்டிங் (காத்து நின்றதற்கான காசு) கேட்டதற்கு ஆப்பில் அந்தப் பட்டனே இல்லை. ரிட்டர்ன் லோடும் இல்லை. நானே அலைந்து ஹைதராபாத் வரைக்கும் ஒரு அரை லோடு பிடித்து, அங்கிருந்து காலியாக வந்தேன். 30,000 அட்வான்ஸ் டீசலுக்கும் டோலுக்கும் போய் மேற்கொண்டு கையிலிருந்து போட்டேன். அந்தக் கணக்கெல்லாம் 85,000ல் சேர்க்கவில்லை. 48,000 பாக்கி வாடகை, 37,000 டெபாசிட்டும் ஜிபிஎஸ்ஸும். 85,000.

வந்த கையோடு செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். ஒரிஜினல் பி.ஓ.டி. (சரக்கு இறக்கினதற்கு சீல் போட்டுத் தருகிற காகிதம்) வேண்டும், அதைப் பார்த்தால்தான் பேலன்ஸ் போடுவோம் என்றார்கள். நேராகப் போய்க் கொடுத்தேன். ஒரு கையெழுத்துக்கூட வாங்கவில்லை. நம் கையில் இருக்கிற ஒரே பிடி அந்தக் காகிதம்தான், அதையும் தூக்கிக் கொடுத்துவிட்டு அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து இன்றோடு 41 நாள். முதல் வாரம் "வெள்ளிக்கிழமை பேமென்ட் ரன் அண்ணா". வெள்ளிக்கிழமை "ஃபைனான்ஸ்ல அப்ரூவலுக்குப் போயிருக்கு". அடுத்த வாரம் பி.ஓ.டி.யில் சீல் மங்கலாக இருக்கிறதாம். ஒரிஜினலே உங்களிடம்தானே இருக்கிறது என்றால், "அது ஸ்கேன்ல மங்கலா இருக்கு". அதற்கடுத்து டெலிவரி லேட் என்று 6,200 பிடித்தம் போட்டார்கள். ஈ-வே பில்லே 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறது, நாக்பூருக்கு ஆறு நாள். நான் மூன்றாம் நாள் கேட்டில் நின்றவன். எங்கே லேட்? பதில் இல்லை, ஒரு புகார் நம்பர் வந்தது. இதுவரை நான்கு புகார் நம்பர் வைத்திருக்கிறேன். டீ வாங்கிக் கொடுத்த தம்பிக்குப் போன் போட்டால், "நான் இப்போ வேற டீம் அண்ணா".

சரக்கு அனுப்பின கம்பெனிக்கே போனேன். டெஸ்பாட்ச்சில் இருந்தவர் நல்ல மனுஷன், கம்ப்யூட்டரில் பார்த்தார். அவர்கள் முழு வாடகையும் எல்.ஆரில் இருந்த அந்த டிரான்ஸ்போர்ட்டுக்கு எப்போதோ கொடுத்துவிட்டார்கள். அந்த டிரான்ஸ்போர்ட் ஆப்காரனிடம் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறது. ஆப்காரன் வரவில்லை என்கிறான். நடுவில் எத்தனை கை இருக்கிறதோ, வண்டி ஓட்டினவன் கைக்கு மட்டும் வரவில்லை.

இன்றைக்கு டெபாசிட்டையாவது கொடுங்கள் என்று கேட்கத்தான் போனேன். ஒரு பெண் அமைதியாக ஒப்பந்தத்தை அச்செடுத்துக் கொடுத்தாள். மூன்று மாசத்தில் 30 ட்ரிப் முடித்தால்தான் டெபாசிட் திரும்பக் கிடைக்குமாம். நாக்பூர் போய் வரவே எனக்கு ஒன்பது நாள் ஆனது. தொண்ணூறு நாளில் முப்பது நாக்பூர் எப்படிப் போவது, ஹெலிகாப்டரிலா? லோடு கொடுப்பதும் அவர்கள்தான், கொடுக்காமல் விட்டுவிட்டு நான் ஓட்டவில்லை என்பதும் அவர்கள்தான். நான் எங்கே கையெழுத்துப் போட்டேன் என்றேன். "ஓடிபி சொன்னீங்களே சார், அதான் சைன்" என்றாள். டீக்கடையில் அந்தத் தம்பி "அண்ணா, ஒரு ஓடிபி வரும் சொல்லுங்க" என்றது நினைவுக்கு வந்தது. மேனேஜர் பெங்களூர் போயிருக்கிறாராம். நான் போன நாலு தடவையும் அவர் பெங்களூரில்தான்.

நான் நிற்கும்போதே இன்னொருவர் உள்ளே வந்தார், கையில் ஆர்.சி. புக் ஜெராக்ஸ். புதுசாக அட்டாச் பண்ண வந்தவர். அவரிடம் பேச வாயைத் திறந்தேன், செக்யூரிட்டி என்னை வெளியே கூட்டி வந்துவிட்டான். அவருக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன், அவர் கண்ணில் படுமோ படாதோ.

ஸ்டேஷனில் கொடுக்கல் வாங்கல் விவகாரம், கோர்ட்டுக்குப் போ என்றார்கள். சைபர் மோசடிப் புகார் நம்பரான 1930க்குப் போன் செய்து புகார் பதிவு செய்திருக்கிறேன். பணம் போனவுடன் செய்திருந்தால் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பிருக்குமாம், நான் 41 நாள் வெள்ளிக்கிழமைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வக்கீல் நோட்டீஸ் நாளை போகிறது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் மாவட்டக் கோர்ட்டிலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100 என்று ஒரு நம்பர் இருக்கிறது.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன். பெரியவர் போன் அடித்துக்கொண்டே இருக்கிறார், பர்கூரில் லோடு, ஆறு மணிக்குள் வண்டி நிற்கணுமாம். அதனால் சுருக்கமாக: லோடுக்கு டெபாசிட் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். எல்.ஆரில் இருக்கிற பேரும் உங்களோடு பேசுகிறவன் பேரும் ஒன்றா பாருங்கள். அதிலுள்ள ஜிஎஸ்டி நம்பரை ஜிஎஸ்டி இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம், 33ல் தொடங்கினால் தமிழ்நாடு, 29 என்றால் கர்நாடகம். எனக்கு 29 வந்தது, ஓசூர் ஆபீஸ்காரனுக்கு அது எப்படி என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். பேசின அட்வான்ஸ் முழுசாக ஏறாமல் கேட்டைத் தாண்டாதீர்கள். பேலன்ஸ் வராமல் ஒரிஜினல் பி.ஓ.டி.யைக் கொடுக்காதீர்கள். ஓடிபி யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், எவ்வளவு நல்ல பையனாக இருந்தாலும்.

இன்னும் இருக்கிறது, மறுபடி போன் அடிக்கிறார். 85,000 ரூபாய்ங்க. அந்த ஆபீசில் என்னைப் போல மாட்டினவர்கள் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள், சேர்ந்து போவோம்.