அனுபவசாலிகளுக்கான கேஸ் இன்டர்வியூ பயிற்சி என்று 42,500 ரூபாய் கட்டி ஏமாந்தேன், நீங்கள் ஏமாறாதீர்கள்

நேற்று ராத்திரி 11 மணிக்கு அந்தப் பயிற்சித் தளத்திடமிருந்து ‘உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது’ என்று மெயில் வந்தது. இன்னும் கோபம் அடங்கவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேஸ் இன்டர்வியூவுக்கு எப்படித் தயாராவது என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்தது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் எட்டு வருடமாக புரொடக்‌ஷனில் இருக்கிறேன். மற்ற கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்கிற ஒரு கன்சல்டிங் நிறுவனத்தின் ஆபரேஷன்ஸ் பிரிவிலிருந்து இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. கையில் ஐந்து வாரம்தான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், கேஸ் இன்டர்வியூ என்றால்: ஒரு கம்பெனியின் பிரச்சினையைக் கொடுத்து, ‘லாபம் ஏன் குறைகிறது, என்ன செய்யலாம்’ என்று அரை மணி நேரம் நம்மைப் பேசவிட்டுப் பார்ப்பார்கள். கணக்கெல்லாம் பேப்பரில், கால்குலேட்டர் கிடையாது. காலேஜிலிருந்து வருகிற பையனிடம் ஒழுங்காக யோசிக்கிறானா என்று பார்த்தால் போதும். எட்டு வருடம் வேலை பார்த்தவனிடம், தொழிலில் என்ன தெரியும், ஒரு பிளான்ட் ஹெட் எதிரில் உட்கார்ந்தால் இவன் பேச்சு எடுபடுமா என்றும் பார்ப்பார்கள். இதெல்லாம் இப்போது தெரிகிறது.

ஒரு ஆன்லைன் பயிற்சித் தளம். ஃப்ரெஷருக்கு ஒன்று, எம்பிஏக்காரர்களுக்கு ஒன்று, அனுபவசாலிகளுக்கு ஒன்று என்று மூன்று பேக்கேஜ். என்னுடையதுதான் விலை அதிகம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பெண் போன் செய்தார். நல்ல தமிழ். “சார், எங்க அண்ணனும் ஒரகடத்துல பிளான்ட்லதான் இருக்கார். ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து படிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும்.” அங்கேதான் விழுந்தேன். அதுவரை கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவன், அதற்குப் பிறகு தலையாட்டிக்கொண்டே இருந்தேன். முன்னாள் கன்சல்டன்ட் ஒருவரோடு ஆறு மாக் இன்டர்வியூ, அதாவது ஒத்திகை இன்டர்வியூ என்றார். இன்றைக்கு ராத்திரி வரைக்கும்தான் இந்த ரேட் என்றார். “யாரு என்னன்னு விசாரிச்சீங்களா?” என்று வீட்டில் மனைவி கேட்டாள். அண்ணன் ஒரகடத்தில் இருக்கிறாராம் என்றேன். பதில் சொன்ன லட்சணத்தைப் பாருங்கள். யுபிஐயில் 42,500 ரூபாய் அனுப்பினேன். பில் நாளைக்கு வரும் என்றார்கள். வரவே இல்லை.

வந்தது ஏழு வீடியோ, ஒரு பிடிஎஃப். கூட வேலை பார்ப்பவரின் அக்கா பையன் இன்ஜினியரிங் கடைசி வருடம். அவன் அதே தளத்தில் 9,000 ரூபாய்க்கு ஃப்ரெஷர் பேக்கேஜ் வாங்கியிருந்தான். இரண்டையும் டைனிங் டேபிளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அட்டை மட்டும்தான் வேறு. 37ஆம் பக்கத்தில் காபிக் கடை கேஸ், அதில் 180ஐயும் 240ஐயும் கூட்டி 440 என்று போட்டிருந்தது. அவன் பிடிஎஃபிலும் அதே 440. பையன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறு மாக்கில் நடந்தது இரண்டு. ‘முன்னாள் கன்சல்டன்ட்’ என்று வந்தவர் எம்பிஏ இரண்டாம் வருடம் படிக்கிற தம்பி. “எனக்கும் அடுத்த மாசம் பிளேஸ்மென்ட் சார்” என்று அவரே சொன்னார். பாவம், அவர் மேல் கோபமில்லை. ஒரு ஃபேக்டரி கேஸில், செய்த பாகங்களில் தரமில்லை என்று ஒதுக்கப்படுவது, அதாவது ரிஜெக்‌ஷன் எவ்வளவு என்று கேட்டேன். “அதெல்லாம் கேஸைப் பிரிக்கிற ஃப்ரேம்வொர்க்ல இல்ல சார், வருமானம், செலவுன்னு ரெண்டா பிரிங்க” என்றார். சரி, விஷயம் தெரிந்தவர் சொல்கிறார் என்று பிரித்துப் பிரித்துப் பழகினேன்.

நிஜ இன்டர்வியூவில் என்ன கேஸ் வந்தது தெரியுமா? இரண்டாவது உற்பத்தி லைன் போட்ட பிறகு நஷ்டத்தில் ஓடும் ஒரு உதிரிபாக பிளான்ட். என் சொந்த வீட்டுக் கதை மாதிரி. நான் பேப்பரில் வருமானம், செலவு என்று கிளை பிரித்து மரம் வரைந்துகொண்டிருக்கிறேன். இன்டர்வியூ எடுத்தவர் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “எட்டு வருஷம் பிளான்ட்ல இருந்திருக்கீங்க, முதல்ல எந்த நம்பரைக் கேட்பீங்க?” என்றார். ஷிஃப்ட் வாரியாக ரிஜெக்‌ஷன், மெஷினில் டை (அச்சு) மாற்ற ஆகும் நேரம், எந்த மெஷின் அடிக்கடி நிற்கிறது, எல்லாம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். வாயில் வரவில்லை. இரண்டு நாளில் ‘மன்னிக்கவும்’ மெயில்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் “மென்டரை, அதான் மாக் எடுக்கறவரை, மாத்தித் தர்றோம்.” அப்புறம் “புகார் டிக்கெட் போட்டாச்சு, 48 மணி நேரம்.” அப்புறம் “ஃபைனான்ஸ் டீம் பார்த்துட்டு இருக்காங்க.” கடைசியில், பிடிஎஃபை டவுன்லோட் செய்ததாலேயே 30 சதவீதத்துக்கு மேல் ‘பயன்படுத்திவிட்டேனாம்’, ரீஃபண்ட் கிடையாதாம். ஒரகடத்தில் அண்ணன் இருப்பதாகச் சொன்ன பெண்ணைப் போனில் பிடித்தேன். “நான் சேல்ஸ் சார், சப்போர்ட் வேற டீம்.” அதற்குப் பிறகு போனே எடுப்பதில்லை. அந்தத் தளத்தின் வாட்ஸ்அப் குரூப்பில், யாருக்காவது உண்மையான கன்சல்டன்ட் மென்டராக வந்தாரா என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். 42,500 ரூபாய். என் பையனின் ஒரு டேர்ம் ஃபீஸைவிட அதிகம்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், ஆறு மணி ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். சுருக்கமாக: மெக்கின்சி, பிசிஜி, பெயின் என்ற பெரிய கன்சல்டிங் நிறுவனங்கள் மூன்றுமே தங்கள் தளத்தில் பயிற்சிக் கேஸ்களை இலவசமாக வைத்திருக்கின்றன, முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். மெக்கின்சியில் பெரும்பாலும் கேள்வி கேட்பவர்தான் கேஸை நடத்துவார், மற்ற இரண்டில் பெரும்பாலும் நாமே நடத்த வேண்டும். பழகும் விதமே வேறு. அனுபவம் உள்ளவர்கள் உங்கள் துறையிலிருந்து கன்சல்டிங் போன ஒருவரிடம் ஒரே ஒரு மாக் கேட்டு வாங்குங்கள். மென்டர் பெயரை வாங்கி லிங்க்ட்இன்னில் பார்க்காமல் காசு கட்டாதீர்கள். கட்டினாலும் யுபிஐ வேண்டாம், கிரெடிட் கார்டாக இருந்தால் வங்கியில் இந்தக் கட்டணத்தை ஏற்கவில்லை என்று டிஸ்ப்யூட்டாவது போடலாம்.

இன்றைக்கு மதிய இடைவேளையில் நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிக்கப் போகிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நாம் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை, அதையும் விடுவதாக இல்லை. இதே மாதிரி கட்டிவிட்டு பில் வராமல் யாராவது இருந்தால், யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வையுங்கள். குரூப்பிலிருந்து தூக்குவதற்கு முன்னாலேயே எடுத்து வையுங்கள்.