ரியூப்பில் கஞ்சியா, ரின் மாவா?

உணவுக்குழாய், இரைப்பைச் சத்திரசிகிச்சைக்கு ஆயத்தமாகிறவருக்கு யாழ்ப்பாணத்து வீடுகளில் முதலில் அடுப்பேறுவது கஞ்சியும் சூப்பும்தான். வாயால் விழுங்க முடிகிற மட்டும் அது நல்லது, செலவும் குறைவு. கொதிக்கிற பயற்றங்கஞ்சியில் ஒரு முட்டையை அடித்து ஊற்றினால் 6 கிராம் புரதம் கூடும். முள்ளெடுத்த மீனைச் சொதியோடு மசித்துக் கொடுக்கலாம். ஆட்டெலும்பு சூப்பை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். இறைச்சியையும் அரைத்துச் சேர்த்தால்தான் அதில் புரதம்.

விழுங்க முடியாமல் உணவு ஏற்றும் ரியூப் போட்ட பிறகு ரின் மாதான், அதாவது எல்லாச் சத்தும் சேர்த்து ரின்னில் வரும் முழுநிறை ஊட்ட மாதான் எங்கள் தெரிவு. காரணம் கஞ்சியின் தடிப்பு. 50 கிலோ நிறையுள்ளவருக்கு நாளுக்கு 1250–1500 கிலோகலோரியும் 75 கிராமளவு புரதமும் வேண்டும். அரிசி 50 கிராம், பயறு 50 கிராம் அவித்து அரைத்தால் மொத்தமே 350 கிலோகலோரிதான். மூக்கு ரியூப்பில் அது இறங்க ஒரு லீற்றர் வரை இளக்கித் துணியில் வடிக்க வேண்டும். சக்கையோடு புரதமும் கொஞ்சம் போய்விடும். இந்தக் கணக்கில் நாளுக்கு மூன்றரை லீற்றருக்கு மேல் ஏற்றவேண்டும், வயிறு தாங்காது. இளக்காமல் விட்டாலோ, ஆறும்போது மாப்பொருள் இறுகி ரியூப் அடைத்துக்கொள்ளும். முழுநிறை ஊட்ட மாவை ரின்னில் சொன்னபடி கரைத்தால் 1 மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 1 கிலோகலோரி. ஒன்றரை லீற்றரில் அலுவல் முடிந்தது. புரதம் சற்றுக் குறையும். எவ்வளவு புரதப் பவுடர் சேர்ப்பதென்று டயற்றீசியனிடம் (உணவு ஆலோசகரிடம்) கேளுங்கள். பல நாளாக ஒன்றும் இறங்காமல் இருந்தவருக்கு முதல் நாளே முழு அளவையும் ஏற்றக்கூடாது.

ரின் மாவில் உள்ள ஒரே குறை அதன் விலைதான். அதற்காகக் கரண்டியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினால் பழையபடி கஞ்சிதான்.

கரைத்த மா வெளியில் 4 மணிநேரம் தாங்கும், அரைத்த கஞ்சி 2 மணிநேரம்தான். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் 30 மில்லிலீற்றர் கொதித்தாறிய நீர் விடுங்கள். அடைத்தால் இளஞ்சூட்டு நீரைச் சிறிஞ்சால் மெல்லத் தள்ளி இழுங்கள். பலமாக அழுத்தினால் ரியூப் வெடிக்கும். சிறுகுடலில் போட்ட ரியூப்புக்குக் கஞ்சி வேண்டவே வேண்டாம். கிருமியைக் கொல்ல அங்கே இரைப்பை அமிலம் இல்லை, ரியூப்பின் துவாரமும் ஒடுக்கம்.

ரியூப் எடுத்ததும் திரும்பவும் வீட்டுச் சாப்பாடுதான். இரைப்பை எடுத்தவருக்குச் சிறிது சிறிதாக ஆறு வேளை கொடுங்கள். பனங்கற்கண்டுத் தண்ணி மாதிரி இனிப்பானவை சட்டென்று குடலில் இறங்கி வியர்வையும் படபடப்பும் தரும். முழு இரைப்பையும் எடுத்திருந்தால் விற்றமின் பி12 ஊசி ஆயுளுக்கும் வேண்டும்.