தூளி கட்ட இடமில்லாத அறை: டைம்ஷேர் ஸ்டுடியோவும் ஒரு பெட்ரூமும்

மகன் வயிற்றில் இருந்தபோது தி.நகரில் ஒரு ஓட்டல் ஹாலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எழுந்து வரும்போது எங்கள் கையில் 25 வருட டைம்ஷேர் இருந்தது, அதாவது வருடத்துக்குச் சில இரவுகள் அந்தக் கம்பெனியின் ரிசார்ட்டுகளில் தங்கும் உரிமை. மாலில் கூப்பன் எழுதிப் போட்டது, "பரிசு விழுந்திருக்கு, ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க" என்று போன் வந்தது, இதெல்லாம் சென்னையில் பாதிப் பேருக்குத் தெரிந்த கதைதான். கம்பெனி பெயர் வேண்டாம். வேண்டாமென்றால் ரத்து செய்ய ஒப்பந்தத்தில் 10 நாள் கொடுத்திருந்தார்கள். நாங்கள் அதை முழுதாகப் படித்தது பதினோராம் நாள். அதனால் இது வாங்கலாமா என்கிற விமர்சனம் இல்லை. வாங்கித் தொலைத்தவர்கள், கைக்குழந்தையோடு எந்த அளவு அறை எடுப்பது என்பது பற்றி: கட்டில், சோபா எல்லாம் ஒரே அறைக்குள் இருக்கும் ஸ்டுடியோவா, தனி ஹாலோடு வரும் ஒரு பெட்ரூமா.

"குழந்தைங்க சின்னதா இருக்கும்போது ஸ்டுடியோவே தாராளம் மேடம், வளர்ந்ததும் பெரிசா மாத்திக்கலாம்" என்றார் விற்க வந்த தம்பி. அவருக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன்.

போன ஜூலையில் முதல் பயணம். மகளுக்கு 5 வயது, மகனுக்கு 10 மாதம். ஏற்காடு எக்ஸ்பிரஸில் சேலம் போய், டாக்ஸி பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, நடுவில் ஒரு தடவை வண்டியை நிறுத்தி மகளின் சட்டையை மாற்றி, ஒருவழியாக ரிசார்ட். ஸ்டுடியோ அறை 350 சதுர அடி என்று போட்டிருந்தது. ஃப்ளாட் வாங்கியவர்களுக்கு சூப்பர் பில்ட்-அப் தெரியுமே, அதே கணக்கு: பால்கனியும் அதற்குள் அடக்கம்.

பார்க்க அழகான அறைதான். பெரிய கட்டில், எதிரில் சோபா-கம்-பெட், மூலையில் சின்ன ஃப்ரிட்ஜ், கெட்டில். ராத்திரி சோபாவை விரித்ததும் தரை காணாமல் போய்விட்டது. கட்டிலுக்கும் சோபாவுக்கும் நடுவே பக்கவாட்டில்தான் நடக்க முடியும். என் மகன் தூளியில்தான் தூங்குவான். மடிப்பாக்கம் வீட்டில் கூரையிலேயே கொக்கி இருக்கிறது. இங்கே ஃபால்ஸ் சீலிங். எதற்கும் இருக்கட்டும் என்று ரங்கநாதன் தெருவில் வாங்கிய மடக்குத் தொட்டில் ஸ்டாண்டைத் தூக்கி வந்திருந்தோம். அதை விரிக்க மிச்சமிருந்த ஒரே இடம் பாத்ரூம் வாசல்!

எட்டு மணிக்கு அவன் தூங்கினான். விளக்கை அணைத்தோம். அப்புறம்? பெரியவர்கள் எங்கே போவது? பால்கனியில் மழைச்சாரல். நானும் அவரும் பாத்ரூம் கதவை ஒரு சாண் திறந்து வைத்து, அந்த வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து சப்பாத்தி சாப்பிட்டோம். குருமா வந்த டப்பாவின் ஃபாயிலைப் பிரித்த சத்தத்துக்கு அவன் எழுந்துவிட்டான். மகள் "அம்மா, டிவி?" என்று கிசுகிசுத்தாள். இப்படி மூன்று இரவுகள்.

டிசம்பரில் கொடைக்கானல். இந்த முறை மீதமிருந்த 4 ஸ்டுடியோ இரவுகளைக் கொடுத்து 2 இரவு ஒரு பெட்ரூம் எடுத்தோம். கணக்கு வலித்தது. ஆனால் பெட்ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு கதவு இருந்தது. தொட்டில் உள்ளே, நாங்கள் வெளியே. ஒன்பது மணிக்கு ஹாலில் விளக்கு போட்டு உட்கார்ந்து சாதாரணக் குரலில் பேசினோம். அதற்கே அந்த 2 இரவும் தகும் என்பேன். இன்டக்‌ஷன் அடுப்பும் பாத்திரமும் இருந்ததால் கூட வந்த அத்தை குட்டி குக்கரில் பருப்பு சாதம் வைத்து ரசமும் காய்ச்சினார். ரெஸ்டாரன்ட் பஃபேயில் ஒரு வயதுப் பிள்ளைக்கு ஊட்ட என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

ஆனால் நான் கேட்க மறந்த ஒன்று இருந்தது. பாத்ரூம் ஒன்றே ஒன்று, அதுவும் பெட்ரூமுக்குள். ஹால் சோபாவில் படுத்திருந்த அத்தை ராத்திரி இரண்டு மணிக்கு இருட்டில் தொட்டில் ஸ்டாண்டில் முட்டிக்கொண்டார். பிள்ளை வீல். காலையில் அத்தை முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "அந்த ஏற்காட்டு ரூமே பரவாயில்ல போல" என்றார். அவர் ஏற்காட்டுக்கு வரவே இல்லை.

இரண்டு பெட்ரூம் பற்றி எனக்கு அனுபவம் இல்லை. தாத்தா பாட்டி இரண்டு பேரும் வந்தால் எடுக்கலாம். அம்மா அப்பா குழந்தைகள் மட்டும் என்றால் இரண்டாவது பெட்ரூமில் பெட்டிகள்தான் தூங்கும். இந்த வயதில் எந்தப் பிள்ளை தனியாகப் படுக்கும்?

அந்தத் தம்பி சொல்லாத இன்னொன்று. எங்கள் ஒப்பந்தப்படி ஸ்டுடியோவில் 2 பெரியவர், 2 குழந்தைகள். 12 வயதானால் கணக்கில் பெரியவர். மகளுக்கு இன்னும் 6 வருடம்தான் இருக்கிறது, ஒப்பந்தமோ இருபது வருடத்துக்கு மேல் ஓடும். நடுவில் மேல் அளவுக்கு மாற்றுவதென்றால் அன்றைய விலை வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். போனாலும் போகாவிட்டாலும் ஆண்டுக் கட்டணம் உண்டு, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. எந்த சீசனில் போகலாம் என்பதும் பிள்ளைகள் வளர வளர மாறிவிடும்: எல்.கே.ஜி. சேர்க்கும் வரை ஜூலையோ பிப்ரவரியோ எப்போது வேண்டுமானாலும் போகலாம். பள்ளி தொடங்கியபின் காலாண்டு லீவு, அரையாண்டு லீவு, மே மாதம், அவ்வளவுதான். அந்த நாட்களில் ஊரே அதே அறைகளுக்கு அலைகிறது.

மதிப்பெண் கேட்டால், கைக்குழந்தையோடு ஸ்டுடியோவுக்கு ஐந்துக்கு ஒன்றரை. ஒரு பெட்ரூமுக்கு மூன்றரை, பாத்ரூம் சரியான இடத்தில் இருந்தால் நாலரை.

இந்த செப்டம்பர் காலாண்டு லீவுக்கு ஊட்டி. புக் பண்ணும் முன் கஸ்டமர் கேரை விட்டுவிட்டு ரிசார்ட் ரிசப்ஷனுக்கே போன் போட்டேன். சோபாவை விரித்தால் எவ்வளவு தரை மிஞ்சும், பாத்ரூம் கதவு எந்தப் பக்கம் திறக்கும், பால்கனித் தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பையன் சிரித்தான், ஆனால் லைனில் காத்திருக்கச் சொல்லிவிட்டு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பாத்ரூம் ஹால் பக்கமாம். ஒரு பக்கெட்டும் மக்கும் சொல்லிவைத்திருக்கிறேன், ஷவருக்கு அடியில் நிறுத்தினால் சின்னவன் ஊரைக் கூட்டிவிடுவான்.