ஆறாம் தரத்துக்கு எங்கே அனுப்புவது? ஹட்டன் வலயத்தின் மூன்று பாடசாலைகள்: ஓர் ஒப்பீடு

மகள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியை, அதாவது தகுதிக்கான குறைந்தபட்சப் புள்ளியை, சற்றே தாண்டிய நாளிலிருந்து, நாங்கள் வசிக்கும் தேயிலைத் தோட்டத்தில் என்னைக் கண்டவர்கள் அனைவரும் ஒரே ஆலோசனையைத்தான் கூறினார்கள்: "புள்ளைய டவுன் ஸ்கூல்ல போட்டுருங்க." உதவித்தொகைக்கான மாவட்ட வெட்டுப்புள்ளி வேறு, பெயர்பெற்ற பாடசாலை ஒவ்வொன்றும் ஆறாம் தர அனுமதிக்குக் கேட்கும் வெட்டுப்புள்ளி வேறு என்பதைக்கூடப் பலர் கவனிப்பதில்லை. எனக்கு எட்டக்கூடியவையாக மூன்று அரச பாடசாலைகள் இருந்தன. மூன்றுக்கும் இரண்டு தடவைகள் சென்று, ஒரு தடவையாவது மழைநாளில் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

நகரப் பாடசாலை 1ஏபி வகையைச் சேர்ந்தது. அதாவது, உயர்தரத்தில் (பன்னிரண்டாம், பதின்மூன்றாம் தரங்களில்) விஞ்ஞானப் பிரிவும் உண்டு. ஆய்வுகூடமும் நூலகமும் உண்மையிலேயே சிறப்பாக உள்ளன. மதிலில் தொங்கும் பதாகையில் மருத்துவ, பொறியியல் பீடங்களுக்குத் தெரிவானவர்களின் படங்களைப் பார்க்கும் எந்தப் பெற்றோருக்கும் மனம் இளகும், எனக்கும் இளகியது. ஆனால் ஆறாம் தர வகுப்பறைக்குள் நாற்பத்தாறு பிள்ளைகள் இருந்தார்கள். அனுபவமிக்க கணித ஆசிரியர்கள் பதினோராம் தரத்துக்கும் உயர்தரத்துக்கும் ஒதுக்கப்பட்டிருந்ததால், கீழ் வகுப்புகளில் யார் கற்பிப்பார் என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. "வெளியே வகுப்புக்கு அனுப்புவீர்கள்தானே?" என்று அலுவலகத்தில் ஒருவர் இயல்பாகக் கேட்டது என்னைச் சிந்திக்க வைத்தது. 1945 முதல் இலவசக் கல்வி நடைமுறையில் உள்ள நாட்டில், பிரத்தியேக வகுப்பைப் பாடசாலையே முன்கூட்டிக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் பயணம். முதல் மணி ஏழரைக்கு அடிப்பதால், இரண்டு பஸ் மாறிச் செல்லும் பிள்ளை ஐந்தே முக்காலுக்கு லயத்தைவிட்டு (தோட்டத்து வரிசை வீட்டைவிட்டு) இறங்க வேண்டும். பாடசாலை ஒன்றரைக்கு விட்டாலும், ஏ7 வீதியில் மாணவர் கூட்டத்தைக் கண்டு நிற்காமல் போகும் பஸ்களையும் சேர்த்துப் பார்த்தால், வீடு திரும்ப நான்கு மணியாகிவிடும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது அதிகம்.

தோட்டப் பாடசாலை வகை 2. பதினோராம் தரம் வரை மட்டுமே உண்டு. 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசு படிப்படியாகப் பொறுப்பேற்ற தோட்டப் பாடசாலைகளில் இதுவும் ஒன்று. பதினைந்து நிமிட நடை, வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகள், ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு நிலைமையையும் அறிந்த அதிபர் எனக் குறை சொல்ல இயலாத அம்சங்கள் இருக்கின்றன. எனினும், விஞ்ஞான ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்று இரண்டு தவணைகள் கடந்தும் பதில் ஆசிரியர் வரவில்லை. அந்தப் பாடவேளைகளில் பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மற்ற எல்லாவற்றையும் வீட்டில் ஈடுசெய்யலாம் என்று நினைத்தாலும், இதை என்னால் ஈடுசெய்ய முடியாது.

மூன்றாவது, கடைவீதிக்கு மேலேயுள்ள 1சி வகைப் பாடசாலை. உயர்தரத்தில் கலை, வர்த்தகப் பிரிவுகள் மட்டும் இருப்பதால் இதை இரண்டாந் தரமாகப் பேசுவது எங்கள் பக்கத்து வழக்கம். நான் சென்ற நாளில், பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெற்ற இளம் ஆசிரியை ஒருவர், ஆறாம் தரப் பிள்ளைகளை மதிலோரம் அழைத்துச் சென்று இலைகளின் நரம்பமைப்பை ஒப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளை, விதையின்றி வித்திகளால் பெருகும் பன்னத்தைக் காட்டி "இதுல விதை எங்க டீச்சர்?" என்று கேட்டபோது, அவர் அதட்டாமல் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். விஞ்ஞான அறையில் நுணுக்குக்காட்டி ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் அதில் தூசி இல்லை. கணிதத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறார், இரண்டாம் மொழிச் சிங்களமும் ஒழுங்காக நடக்கிறது. ஆங்கிலம் பலவீனம். மலசலகூடத்தில் தண்ணீர் வந்தாலும் இரண்டு கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேட்கத்தான் போகிறேன்.

பதினோராம் தர முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறுகளைப் பற்றி ஒரு வார்த்தை. சித்தி வீதத்தை மட்டும் கேட்காமல், அந்த அணி ஆறாம் தரத்தில் இருந்தபோது எத்தனை பேர், பரீட்சை எழுதியபோது எத்தனை பேர் என்று மூன்று இடத்திலும் கேட்டேன். இடையில் விலகிய பிள்ளைகள் எந்தச் சித்தி வீதத்திலும் தோன்றுவதில்லை அல்லவா? இரு எண்ணிக்கைகளையும் பதிவேட்டைத் திறந்து காட்டியவர் கடைவீதிப் பாடசாலையின் அதிபர் மட்டுமே. எண்ணிக்கை திருப்திகரமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். மறைக்கவில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது.

நகரப் பாடசாலையின் பெரும் பலமாகிய விஞ்ஞானப் பிரிவு பன்னிரண்டாம் தரத்தில்தான் தேவைப்படும். சாதாரண தரப் பெறுபேறு கைக்கு வந்தபின் அங்கே விண்ணப்பிக்கலாம். இடம் கிடைப்பதை அந்தப் பெறுபேறு தீர்மானிக்கும். ஆனால் பின்னமும் அட்சரகணிதமும் ஆறு முதல் ஒன்பது வரையான வகுப்புகளில் பிடிபடாமல் போனால், பிறகு எந்த ஆய்வுகூடமும் உதவாது. ஆகவே 1சி பாடசாலையையே தெரிவுசெய்தேன். மைத்துனர் இன்னும் கோபமாக இருக்கிறார். ஆங்கிலத்துக்குச் சனிக்கிழமை வகுப்பு ஒன்றைத் தேட வேண்டும். பஸ்ஸுக்குச் சீசன் எடுத்தாயிற்று, வெள்ளைச் சப்பாத்து இரண்டு சோடி வாங்கியாயிற்று. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஒரு சோடி எப்போதும் அடுப்பங்கரையில்தான் காய்ந்துகொண்டிருக்கும்.