சத்துவாச்சாரி மொழிபெயர்ப்புக் கடையும் அக்காவின் தண்டனைக் குறைப்பும்

வேலூர் கலெக்டர் ஆபீஸுக்கு எதிர்ப்பக்கச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. போர்டில் ‘டைப்பிங், மொழிபெயர்ப்பு’ என்று மட்டும் இருக்கும். படி செங்குத்து. முட்டிவலிக்காரர்கள் கீழிருந்தே குரல் கொடுக்கலாம், பையன் இறங்கி வந்து வாங்கிக்கொள்வான். பக்கத்துக்கு 200 ரூபாய், மறுநாள் கிடைக்கும்.

நான் கொண்டுபோனது அக்காவின் டிஸ்சார்ஜ் சம்மரி. ரத்தப் புற்றுநோய், முதல் கட்டக் கீமோ முடிந்திருந்தது. அக்காவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். “ஆளாளுக்கு ஒண்ணு சொல்றீங்க, நானே படிச்சுத் தெரிஞ்சுக்கறேன்” என்றுவிட்டாள். தமிழாக்கத்தைக் கொடுத்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரியைச் சத்தமாகவே படித்தாள்: “நோயாளி முழுமையான தண்டனைக் குறைப்பு பெற்றுள்ளார்.” நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “ஏண்டா, நான் இத்தனை நாளா தொரப்பாடி ஜெயில்லயா இருந்தேன்?” கீமோ ஆரம்பித்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

மூலத்தில் இருந்தது ‘கம்ப்ளீட் ரெமிஷன்’. அந்தக் கடைக்கு வருவதில் முக்கால்வாசி கோர்ட்டுக் காகிதம். கைதியின் தண்டனையில் கழித்துக்கொடுக்கும் நாட்களுக்கு அங்கே அதுதான் பெயர். பையனைச் சொல்லிக் குற்றமில்லை. முப்பது வருஷம் தாலுகா ஆபீஸில் குப்பை கொட்டிய என்னிடம் கொடுத்திருந்தால் ‘வஜா’ என்று எழுதியிருப்பேன். பயிர் சாவியாகப் போன வருஷம் தீர்வையைத் தள்ளிக்கொடுப்போமே, அந்த வஜா. சர்ச்சுக்குப் போகிறவர் என்றால் பாவமன்னிப்பு என்றிருப்பார்.

திருப்பி எடுத்துக்கொண்டு போனேன். பையன் அதை அடித்துவிட்டு ‘முழுவதும் குணமடைந்தார்’ என்று எழுதினான். எனக்கு இதுதான் பயமாக இருந்தது. முதல் தப்பாவது சிரிக்க வைத்தது. இந்த நோயில் முழு ரெமிஷன் என்றால், ரத்த அணுக்களின் எண்ணிக்கை தேறி, எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்ட் செல்கள் (முதிராத ரத்த அணுக்கள்) 5 சதவீதத்துக்குக் கீழே வந்திருக்கின்றன என்று அர்த்தம். கண்ணுக்குத் தப்பியவை உள்ளே பதுங்கியிருக்கலாம். அதற்காகத்தான் மேற்கொண்டும் கீமோ. ‘குணம்’ என்று படித்துவிட்டால் அக்கா அடுத்த தேதிக்கு ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டாள். அவள் சுபாவம் அப்படி.

குரல் கேட்டுக் கடைக்காரர் உள்ளேயிருந்து வந்தார். எழுபதைத் தாண்டியவர். மேலட்டை கிழிந்து, நூல் தொங்கும் அகராதி ஒன்றை மேஜைமேல் வைத்து, எச்சில் தொட்டுப் புரட்டினார். “லத்தீன் சார் இது. ‘ரெ’ன்னா திரும்ப. ‘மித்தெரே’ன்னா அனுப்பறது, விடறது. கட்டினதைத் தளர்த்தறதுக்கும் அதே வார்த்தைதான்.” பிரெஞ்சு வழியாக 13-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது பாவமன்னிப்புக்குத்தான் முதலில் வழங்கியதாம். கடனும் வரியும் தண்டனையும் நோயும் அப்புறம் சேர்ந்துகொண்டவை. பேங்க் செலானில் பணம் அனுப்புகிறவரை ‘ரெமிட்டர்’ என்கிறார்களே, அதுவும் இதே வேர்தான் என்றார். இத்தனை வருஷம் செலான் நிரப்பியும் எனக்கு அது தோன்றியதில்லை.

பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்: “நம்ம ஊர்ல ஜுரம் விட்டிருக்குன்னு சொல்றோமில்ல? மழை விட்டிருக்குன்னும் சொல்றோம். இனி வரவே வராதுன்னா சொல்றோம்?”

கடைசியில் அவரே பேனாவை எடுத்து, ‘நோய் இப்போது முழுமையாக விட்டிருக்கிறது, சிகிச்சை தொடர வேண்டும்’ என்று எழுதினார். சம்மரியில் அந்த இரண்டாம் பாதி வேறு பத்தியில் இருந்தது. இழுத்து வந்து ஒட்டவைத்தது அவர் வேலை. சட்டப்படி சரியா தெரியாது, எனக்குத் திருப்தி. அக்கா படித்துவிட்டு, “அடுத்த கீமோ என்னைக்கு?” என்றாள்.

திருத்தத்துக்குக் காசு வாங்கவில்லை. ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருகிறேன். ஒன்றைக் குறைத்தது முதல் தப்புக்காக இல்லை, இரண்டாவது தப்புக்காக. ஆஸ்பத்திரிக் காகிதம் என்றால் பையனிடம் கொடுக்காதீர்கள், பெரியவர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் படி ஏறுங்கள். திங்கட்கிழமை போகவே வேண்டாம். மனு எழுத வருகிற கூட்டம் படிவரைக்கும் நிற்கும்.