சனிக்கிழமைக் கணக்கும் வரலாறும்: கல்லடியில் ஒரு சின்ன வகுப்பு

மகனை இந்த வகுப்புக்கு விடத் தொடங்கி மூன்று தவணை முடிந்துவிட்டது. கேட்கிறவர்களுக்கெல்லாம் போனில் சொல்லிச் சொல்லி வருகிறேன், சரி, ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

மட்டக்களப்பு கல்லடியில், கடற்கரைக்குப் போகிற பக்கமாக ஒரு வீட்டு விறாந்தையில் நடக்கிறது. வாரத்தில் ஒரே நாள், சனிக்கிழமை. காலை 8 மணிக்குக் கணிதம், 9.30க்கு கால் மணி நேரம் இடைவேளை, அதற்குப் பிறகு 11.15 வரை வரலாறு. மகனுடைய குழுவில் ஏழாம், எட்டாம் ஆண்டுப் பிள்ளைகள் 18 பேர், அதற்கு மேல் எடுப்பதில்லை. இரண்டு பாடத்துக்கும் சேர்த்து மாதம் 1,800 ரூபா. பெயர்ப்பலகை கிடையாது, விளம்பரமும் இல்லை. தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் நானும் போடவில்லை. கணிதம் எடுப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வரலாறு எடுப்பவர் அவருடைய மகள். இந்த அப்பாவும் மகளும் ஒருவர் பாடத்தில் மற்றவர் வந்து உட்கார்ந்துவிடுவதுதான் இந்த வகுப்பின் விசேசமே.

இதற்கு முன் மகனை ஒரு பெரிய ரியூசன் வகுப்பில் விட்டிருந்தோம். நூற்றுக்கு மேல் பிள்ளைகள், மைக்கில் பாடம், வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு கட்டு ரியூட், அச்சடித்த குறிப்புத் தாள்கள். ஆறு மாதத்தில் அந்த சேரோடு என் பிள்ளை ஒரு வார்த்தை பேசியதில்லை, பேச இடமும் இல்லை. தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு 34, வரலாற்றுக்கு 41. புள்ளி குறைந்ததைவிட எனக்கு மனம் நொந்தது வேறு ஒரு விசயத்துக்கு: கணக்குக் கொப்பியை எடுத்தாலே பிள்ளையின் முகம் வாடிப்போகும், வரலாற்றுப் புத்தகத்தை எடுத்தால் அறைக்குள் முன்னும் பின்னும் நடந்தபடி ஆண்டுகளைப் பாடமாக்குவான், அடுத்த நாள் கேட்டால் ஒன்றும் இருக்காது.

இங்கே முதல் நாள் நான் வாசலில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். விறாந்தைத் தூணில் இருந்து தூணுக்கு ஒரு நைலோன் கயிறு, வலைக்குப் பாவிக்கிற கயிறுதான், இழுத்துக் கட்டியிருந்தது. ஒரு சென்ரிமீற்றர் ஒரு வருசம். இடது பக்க நுனி 1505, போர்த்துக்கேயர் வந்தது. வலது பக்கம் 1948, சுதந்திரம் கிடைத்தது. நீளம் எவ்வளவு வேண்டும் என்பதைப் பிள்ளைகளே கழித்துப் பார்த்து, 443 சென்ரிமீற்றர், அதாவது 4 மீற்றர் 43 என்று அளந்து வெட்டியிருக்கிறார்கள். அதில் உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் துண்டுக் கடதாசிகளைக் கொழுவ வேண்டும். 1658இல் ஒன்று, 1796இல் ஒன்று. கொழுவிப் பார்த்தால் போர்த்துக்கேயர் 153, ஒல்லாந்தர் 138, ஆங்கிலேயர் 152. மூன்று துண்டும் ஏறத்தாழ ஒரே நீளம்! நானும் இதைப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான், மூன்றும் இப்படிச் சமமாக வரும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அதற்குக் கீழே வேறு நிறத்தில் இன்னொரு கயிறு, அது கண்டி. அந்தக் கயிறு போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் தாண்டி ஆங்கிலேயருக்குள்ளும் கொஞ்சத் தூரம் போய் 1815இல், தொடக்கத்திலிருந்து சரியாக 3 மீற்றர் 10இல் நிற்கிறது. கரையோரம் கைமாறிக்கொண்டே இருக்க உள்ளே ஒரு இராச்சியம் இவ்வளவு காலம் இருந்தது என்பதை வாயால் சொல்லி விளங்கவைக்க எத்தனை பாடவேளை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த கிழமை அதே கயிற்றில் மட்டக்களப்பை மட்டும் கொழுவினார்களாம். ஸ்பில்பேர்கன் என்கிற ஒல்லாந்தர் கப்பலில் இந்தக் கரைக்கு வந்து, இங்கிருந்து கண்டி அரசனைப் பார்க்கப் போனது 1602. புளியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1628. அதை ஒல்லாந்தர் பிடித்தது 1638. மகன் அன்று வீட்டுக்கு வந்து விரலை விரித்துக் காட்டினான், "அம்மா, கோட்டை கட்டினதுக்கும் பறிகொடுத்ததுக்கும் இவ்வளவுதான் இடைவெளி, 10 சென்ரிமீற்றர்." அவன் வகுப்பில் கேட்ட கேள்வியைப் பிறகு ரீச்சர்தான் எனக்குச் சொன்னார். "ஒல்லாந்தர் வந்து 26 வருசம் கழிச்சுத்தானே ரீச்சர் கோட்டை கட்டினாங்க, அப்ப அவங்களுக்குப் பயந்தா கட்டினாங்க?" என்று கேட்டிருக்கிறான். ரீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. இலங்கைப் படத்தைக் கொடுத்து, கண்டி அரசனுக்குக் கடலுக்கு வர எந்த வழி மிச்சம் இருந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார். திருகோணமலையும் மட்டக்களப்பும் என்று பிள்ளைகளே விரல் வைத்திருக்கிறார்கள், அந்த இரண்டு இடத்திலும் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியதன் காரணம் அங்கேயே விளங்கிவிட்டது. கச்சேரி, அதாவது மாவட்டச் செயலக, அலுவலுக்காக எத்தனை தரம் அந்தக் கோட்டை வாசலால் போய் வந்திருப்பேன், அது ஏன் அங்கே நிற்கிறது என்பதை என் பிள்ளை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆறு மாதம் வாய் திறக்காமல் இருந்த பிள்ளை கேட்ட கேள்வி அது. எனக்கு அன்றைக்கே இந்த வகுப்புக் காசு செரித்துவிட்டது.

கணிதப் பக்கம் வருகிறேன். சேர் பிழைக்குச் சிவப்புப் பேனை பாவிப்பதில்லை. கொப்பியில் வலது பக்கம் நான்கு விரல் அகலத்துக்குக் கோடு போட்டு வைக்கச் சொல்கிறார். விடை பிழைத்தால் எந்த வரியில் பிழைத்தது என்று பிள்ளையே தேடி, அந்த வரிக்கு நேரே வலது பக்கத்தில் காரணத்தை எழுத வேண்டும். மகனின் கொப்பியில் முதல் மாதம் முழுக்க "குறியை மறந்துவிட்டேன்", "குறியை மறந்துவிட்டேன்" என்றே இருக்கிறது. மறை எண்கள்தான் அவனுக்குப் பெரிய தொல்லை. கழித்தலும் கழித்தலும் சேர்ந்தால் ஏன் கூட்டல் என்று கேட்டால் முன்பெல்லாம் கிடைத்த பதில், அது அப்படித்தான், பாடமாக்கு என்பதுதான். இங்கே அது தீர்ந்தது கணித நேரத்தில் இல்லை, வரலாற்று நேரத்தில். எல்லாளன் ஆண்டது கி.மு. 205 தொடக்கம் 161 வரை. ஆண்டு ஏன் குறைந்துகொண்டு போகிறது என்று பிள்ளைகள் முழிக்க, பின்னால் கதிரையில் இருந்த சேர் எழும்பி வந்து எண்கோடு கீறி, இடது பக்கம் −205, −161 என்று குறித்து, −161இல் இருந்து −205ஐக் கழிக்கச் சொல்லியிருக்கிறார். 44 வருசம். அந்த அரசன் 44 வருசம் ஆண்டான் என்று பாடத்தில் வேறு இருக்கிறது, ஆகவே விடை −366 ஆக இருக்கவே முடியாது. கழித்தலுக்குப் பின்னால் கழித்தல் வந்தால் என்ன நடக்கும் என்பது அன்றோடு விளங்கிவிட்டது. இதில் ஒரு நுணுக்கம் இருப்பதையும் சேர் விடவில்லை. கி.மு. 1க்கு அடுத்த வருசம் கி.பி. 1, நடுவில் பூச்சியம் என்று ஒரு வருசம் இல்லை, அதனால் கி.மு. 10 முதல் கி.பி. 10 வரை 20 வருசம் இல்லை, 19. மகன் 20 என்று எழுதி, வலது பக்கத்தில் "பூச்சியத்தை நானாகப் போட்டுவிட்டேன்" என்று எழுதி வைத்திருக்கிறான்.

எனக்கு மிகவும் பிடித்தது காணி உறுதிப் பாடம். ஒரு பழைய உறுதியைப் பெயர்களை மறைத்துப் பிரதி எடுத்து ஆளுக்கொன்று கொடுத்திருக்கிறார் சேர். 2 ஏக்கர் 1 ரூட் 12 பேர்ச். இதை மூன்று அக்கா தங்கைகளுக்குச் சமமாகப் பிரி. பிள்ளைகள் 2 ஏக்கரை மூன்றால் பிரிக்கப் போய் பின்னத்தில் மாட்டிக்கொண்டார்கள், அதில் ஒரு கால் மணி நேரம் போகட்டும் என்று சேர் பேசாமல் விட்டுவிட்டாராம். பிறகு, ஏக்கருக்கு 160 பேர்ச், ரூட்டுக்கு 40, எல்லாவற்றையும் பேர்ச்சுக்குக் கொண்டுவா என்றிருக்கிறார். 320, 40, 12, கூட்டினால் 372, மூன்றால் பிரித்தால் 124. ஆளுக்கு 3 ரூட் 4 பேர்ச். கணக்கு முடிந்தது. ஆனால் ரீச்சர் விடவில்லை: ஏன் அக்கா தங்கைகளுக்கு, அண்ணன் தம்பிகளுக்கு ஏன் இல்லை? அதிலிருந்து எங்கள் பக்கம் வீடு வளவு பெண் பிள்ளைக்குப் போவது, குடியை, அதாவது குலத்தை, தாய்வழியில் எண்ணுவது என்று பேச்சு நீண்டிருக்கிறது. முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்து வருகிற ஒரு பிள்ளை, "எங்கடயிலயும் வீடு பொம்புளப் புள்ளைக்குத்தான் ரீச்சர்" என்று சொல்ல, எல்லாருமாகத் தங்கள் தங்கள் வீடு யார் வழியாக வந்தது என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஏக்கரும் ரூட்டும் ஆங்கிலேயரோடு வந்த அளவு, அதற்கு முன் வயலை விதைப்புக் கணக்கில்தான் சொன்னார்கள், இத்தனை அவணம் விதைப்பு என்று. என் அப்பப்பா கடைசி வரைக்கும் ஏக்கர் என்று சொன்னதே இல்லை. அதை மகனுக்கு நான் சொன்னபோது அவன் கொப்பியில் குறித்துக்கொண்டான், சேரிடம் சொல்ல வேண்டுமாம்.

வீட்டுவேலையும் இப்படித்தான். ஒரு கிழமை, வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் 1978 நவம்பர் 23 பற்றிக் கேட்டு எழுதி வா என்று விட்டார்கள். சூறாவளி அடித்த நாள். எங்கள் அம்மா வாயைத் திறந்தால் நிறுத்தமாட்டா, ஆனால் சூறாவளியைப் பற்றி மட்டும் அவ்வளவாகப் பேசமாட்டா. பேரன் கொப்பியோடு போய் முன்னால் இருந்ததும் முழுக்கச் சொன்னா. கூரை போன பிறகு கட்டிலுக்குக் கீழே எல்லாரும் குந்தியிருந்தது, விடிந்து வெளியே வந்தபோது தென்னந்தோட்டத்தில் நிமிர்ந்து நின்ற மரங்களைக் கைவிரலால் எண்ணியது. அவன் இடையில் "அம்மம்மா, அப்ப உங்களுக்கு எத்தின வயசு?" என்று கேட்டான். "நீயே கழிச்சுப் பார் மனே" என்று பிறந்த ஆண்டைச் சொன்னா. 19. அடுத்த சனிக்கிழமை 1948ஐத் தாண்டிக் கயிற்றை நீட்டி, 30ஆவது சென்ரிமீற்றரில் 18 பிள்ளைகளும் தங்கள் தங்கள் வீட்டுத் துண்டைக் கொழுவினார்கள். அம்மாவின் துண்டில் தென்னை மரம் கீறியிருந்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும், காசு கட்டப் போகிறவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

வரலாற்றில் பாடத்திட்டம் முடிவதில்லை. கயிற்றில் மூன்று கிழமை போனால் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் கூட நகராது. இரண்டாம் தவணைப் பரீட்சைக்கு முன் இரண்டு அத்தியாயம் அப்படியே மிச்சம், நானும் மகனும் இரவில் இருந்து வாசித்தோம். ரீச்சரிடம் சொன்னபோது ஒத்துக்கொண்டார், இப்போது தவணை முடிய முன் இரண்டு சனிக்கிழமை புத்தகத்துக்கு மட்டும் என்று ஒதுக்கியிருக்கிறார், என்றாலும் அது போதாது. வீட்டில் யாராவது கூட இருந்து வாசிக்க முடியாவிட்டால் கொஞ்சம் கஷ்டம். படங்குறித்தல் மட்டும் இங்கே நன்றாகச் செய்கிறார்கள்.

கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு வேகம் காணாது. என் தங்கையின் மகள் ஒரு மாதம் வந்துவிட்டு நின்றுவிட்டாள், அவளுக்கு வினாத்தாள் வினாத்தாளாகச் செய்ய வேண்டும், இங்கே ஒரு கணக்கை அரை மணி நேரம் பேசுகிறார்கள். அவள் சொல்வதும் சரிதான். ஆங்கில மொழிமூலப் பிள்ளைகளுக்கும் இது சரிவராது, எல்லாம் தமிழில்தான்.

மாரி காலத்தில் வகுப்பு நின்றுபோகும். கார்த்திகை, மார்கழியில் ஒழுங்கைக்குள் முழங்கால் தண்ணீர், விறாந்தைக்குச் சாரல் அடிக்கும், மூன்று சனிக்கிழமை போனது. அதற்குப் பதில் வகுப்பு வைக்கவில்லை, ஆனால் அந்த மாதம் அரைக் காசுதான் வாங்கினார்கள். சித்திரை வெயிலில் ஒரே ஒரு மின்விசிறி, தண்ணீர்ப் போத்தல் கட்டாயம் கொடுத்துவிடுங்கள். 11.15 என்று சொன்னாலும் 11.45க்கு முன் விட்டதாக ஞாபகம் இல்லை. ஆரையம்பதியிலிருந்து வந்து காத்து நிற்கிற எனக்கு அது முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது நானும் மதிலோரம் நின்று பாடம் கேட்கிறேன்.

புள்ளி என்ன என்று கட்டாயம் கேட்பீர்கள். மூன்றாம் தவணையில் கணிதம் 58, வரலாறு 72. வரலாற்றில் வாசிக்காமல் விட்ட அத்தியாயத்தில்தான் புள்ளி போனது. கணிதத்தில் வினாத்தாளைக் கொண்டுவந்து, நான் கேட்காமலே, பிழைத்த வரிகளுக்கு நேரே பென்சிலால் காரணம் எழுதிக்கொண்டிருந்தான். "குறியை மறந்துவிட்டேன்" ஒரே ஒரு இடத்தில் இருந்தது.

புதுப் பிள்ளைகளை முதலாம் தவணை தொடங்கும்போது மட்டும்தான் எடுக்கிறார்கள். கல்லடிப் பாலத்தால் வருகிறவர்கள் பிரதான வீதியில் இறங்கி ரியூசன் ரீச்சர் வீடு என்று கேட்டால் வேறு எங்காவது காட்டிவிடுவார்கள், கயிறு கட்டின விறாந்தை என்று கேளுங்கள். போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், சேர் பெற்றோரிடம் ஒன்றும் கேட்கமாட்டார், பிள்ளையை உள்ளே கூப்பிட்டு ஒரு கணக்குக் கொடுத்து, அதை அவன் எப்படிப் பிழைவிடுகிறான் என்று பார்த்துத்தான் எந்தக் குழு என்று சொல்வார்.